ஜூன் மாதப் படம்

அசல் இல்லை. இருக்க வேண்டிய இடத்திலும் இல்லை, இருக்க வாய்ப்பே இல்லாத இடங்களிலும் இல்லை. காலை ஆறரைக்கு ஸ்டுடியோவைத் திறந்த இன்னாசி ஒன்பதே முக்கால் வரைக்கும் கம்ப்யூட்டரில் தேடிவிட்டார். மேசை இழுப்பறையில் கிடந்த பதினோரு பென் டிரைவ்களையும் ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்துவிட்டார். அதில் ஒன்றில் யார் வீட்டுக் காதுகுத்தோ இருந்தது, இன்னொன்று திறக்கவே மறுத்தது. ‘நிழல்’ என்று பெயர் வைத்த ஃபோல்டரில் நானூற்றுப் பதினேழு படங்கள். நானூற்றுப் பதினேழும் வெட்டிய படங்கள். ஒன்றாவது வெட்டாமல் இருக்கிறதா என்று முதலிலிருந்து கடைசிவரை இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தார், மூன்றாவது தடவை ஓட்டும்போது தன் படங்களின் மேலேயே அவருக்கு ஒரு வெறுப்பு வந்தது. எல்லாம் தார் ரோடு, எல்லாம் கறுப்பு, ஓர் ஆளாவது முழுசாக இருக்கிறானா. தேடியது ஜூன் மாதப் படத்தின் அசலை. உறையூர் சாலை ரோட்டு வணிகர் சங்கம் இந்த வருடம் போட்ட காலண்டரில் பன்னிரண்டு தாளுக்கும் இன்னாசி எடுத்த நிழல்கள்தான். ஜூன் தாளில் இரண்டு நிழல்கள். ஒரு பெண்ணின் நிழல், அதன் தோளில் தலை சாய்த்த மாதிரி ஓர் ஆணின் நிழல், பெண்ணின் இடுப்பை வளைத்த மாதிரி அவன் கை. எதிர்ச்சாரி பஸ் ஸ்டாப்பில் நின்ற இருவரை இந்த மாடி முகப்பில் நின்று எடுத்து, ஆட்களைப் பாதத்தோடு வெட்டி எறிந்துவிட்டு, ரோட்டில் விழுந்து கிடந்த நிழல்களை மட்டும் தலைகீழாகத் திருப்பி நிற்க வைத்திருந்தார். வெட்டி எறிந்த அந்த ஆட்கள்தான் இப்போது வேண்டும். பதினொரு மணிக்கு அந்தப் பெண் வருவாள், கணவனோடு.

நேற்றுச் சாயங்காலம் தனியாகத்தான் வந்தாள். தமயந்தி என்று பேர், முப்பத்தைந்து வயதிருக்கும், சத்திரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கண் ஆஸ்பத்திரியில் மூக்குக்கண்ணாடி கொடுக்கும் பிரிவில் வேலை. பாஸ்போர்ட் சைஸா என்று கேட்டு நாற்காலியைத் துடைத்தார். அவள் உட்காரவில்லை. சுவரில் தொங்கிய காலண்டரைக் காட்டி, அது நான் சார் என்றாள். அந்த ஒரு நொடி தனக்குச் சந்தோஷமாக இருந்ததை நினைத்தால் இன்னாசிக்கு இப்போதும் உடம்பு கூசியது. சந்தோஷம்தான், வேறென்ன, ஒரு கலைஞனைத் தேடி அவன் படத்தில் இருப்பவரே வந்து நிற்பது எத்தனை பேருக்கு வாய்க்கும் என்று நினைத்துவிட்டார், காபி சொல்லட்டுமா என்றுகூடக் கேட்டுவிட்டார். பிறகுதான் அவள் சொன்னாள். கணவன் சேதுராமனுக்கு அவன் அண்ணனின் ஹார்டுவேர் கடையில் வேலை. ஒன்றாம் தேதி காலை அண்ணன் மே மாதத்தைத் திருப்பியிருக்கிறார், மத்தியானத்துக்குள் தோளைக் கண்டுபிடித்துவிட்டார். சின்ன வயதில் கை உடைந்து கோணலாகக் கூடியதால் அவளுடைய இடது தோள் ஒரு விரற்கடை இறங்கியிருக்கும். போதாததற்கு நிழலில் அவள் பையிலிருந்து குடையின் வளைந்த பிடி நீட்டிக்கொண்டிருந்தது. ஆணைக் கண்டுபிடிப்பது அதைவிடச் சுலபம். கூரியர் ஆபீஸ் தனபால், அந்தத் தெருவிலேயே நெட்டையான ஆள், தொப்பி இல்லாமல் வெளியே வரமாட்டான். இரண்டு வருடமாக இருவருக்கும் ஒரே ஏழு ஐம்பது பஸ். பஸ் லேட்டானால் பேசுவோம் சார், லேட்டாகாத நாள் உண்டா என்றாள். மூன்று நாளாக அவளை வேலைக்கு விடவில்லை. முசிறியில் அவள் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வா என்று அண்ணன் சொல்லிக்கொண்டிருக்கிறார், கணவன் இன்னும் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஒன்று மட்டும் கேட்டானாம், படத்தை முழுசாகக் காட்டு என்று. “நான் வேற எதுவும் கேக்கல சார். அன்னிக்கு நாங்க எவ்வளவு தள்ளி நின்னோம்னு உங்க படத்துல இருக்கும்ல, அதக் குடுங்க” என்றாள். இருக்கும்மா, எங்கே போய்விடப் போகிறது என்றார் இன்னாசி. நாளைக்குப் பதினொரு மணிக்கு அழைத்துவரச் சொன்னவரும் அவர்தான்.

எங்கே போய்விடப் போகிறது. காலையிலிருந்து இந்த வாக்கியம்தான் அவரை அறைந்துகொண்டிருந்தது. முப்பத்தொரு வருடத் தொழில், அதில் முதல் பதினைந்து வருடம் இருட்டறை. பெரிதாக்கும் கருவிக்குக் கீழே காகிதத்தை வைத்து, சட்டத்தின் பட்டைகளை நகர்த்தி, வேண்டாததை மறைத்து வேண்டியதை மட்டும் விழவைப்பார். கல்யாணப் பெண்ணுக்குப் பின்னால் பல் குத்திக்கொண்டு நின்ற பெரியப்பாவை ஒரு பட்டையை நகர்த்தி இல்லாமல் பண்ணிவிடலாம். ஆனால் பெரியப்பா எங்கும் போகமாட்டார், நெகட்டிவில் பல் குத்திக்கொண்டேதான் இருப்பார். ஆறு மாதம் கழித்து அவர் செத்துப்போய், அண்ணே பெரியப்பாவுக்கு ஒரு படம்கூட இல்லை என்று அந்த வீட்டார் ஓடிவந்தால், உறையிலிருந்து நெகட்டிவை உருவி, பெரியப்பாவை மட்டும் பெரிதாக்கி, குச்சியை மையால் அழித்துக் கொடுத்துவிடலாம். கொடுத்தும் இருக்கிறார். வெட்டினால் எதுவும் அழியாது என்று கை கற்றுக்கொண்டது அந்தக் காலத்தில். கம்ப்யூட்டர் வந்த பிறகும் அதே கைதான். வெட்டும். மாற்றத்தைச் சேமிக்கவா என்று மெஷின் கேட்கும். ஆமாம் என்று தட்டும். அடியில் நெகட்டிவ் இருக்கிறது என்று கைக்கு நினைப்பு, அடியில் ஒன்றுமே இல்லை. வெட்டிய படம் வெட்டாத படத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு அதைத் தின்றுவிடும். இதைப் பத்து வருடத்துக்கு முன்பே கம்ப்யூட்டர் சரிபண்ண வந்தவன் சொன்னான், நகல் எடுத்து வைத்துக்கொண்டு வெட்டுங்கள் அண்ணே என்று. தலையாட்டினார். பிறகு மனைவி ரெஜினா சொன்னாள். ரெஜினாவுக்குக் கேமராவில் எந்தப் பக்கம் கண்ணை வைப்பது என்று தெரியாது, அவளே சொன்னாள். இன்று காலை எட்டரைக்குப் போன் பண்ணி, கிடைத்ததா என்று கேட்டு, கிடைக்கவில்லை என்றதும், “மனுஷங்க மூஞ்சியப் பாத்துப் படம் எடுக்கிறவன்தான் போட்டோகிராபர், நீங்க தரையப் பாத்து எடுத்தீங்க, அனுபவிங்க” என்று சொல்லி வைத்துவிட்டாள். ஒன்பது மணிக்குத் திரும்பப் பண்ணி, இட்லி ஆறிப்போகிறது என்றாள். இரண்டு தகவலும் ஒரே குரலில் வந்தன.

இதில் அவர் செய்தது எவ்வளவு, மற்றவர்கள் செய்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முயன்றார். பிரிக்கப் பிரிக்க அவர் பங்குதான் கூடியது. படத்துக்கு அவர் வைத்த பெயர் ‘காலை 7.40’. சங்கச் செயலாளர் அதை எடுத்துவிட்டு ‘நேசம்’ என்று போட்டுவிட்டார், மக்களுக்கு ஏதாவது புரிய வேண்டாமா என்றாராம். ஆனால் அச்சுக்குப் போகும் முன் திருத்தம் பார்க்க வந்த தாளில் ‘நேசம்’ இருந்தது, இன்னாசி பார்த்தார், பெயர் கீழே சின்ன எழுத்தில்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டார். அப்போது அவர் கவனம் எல்லாம் தன் பெயர் எந்த அளவில் வந்திருக்கிறது என்பதில். காலண்டர் வெளியிட்ட அன்று மைக்கைக் கையில் கொடுத்தார்கள், நிழலுக்கு ஆள் கிடையாது, நிழலில் நாம் எல்லோரும் ஒன்று என்று பேசினார். கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலை நினைத்து இப்போது நாற்காலியில் ஒருமுறை நெளிந்தார். நிழலுக்கு ஆள் கிடையாதாம். இந்தத் தெருவில் பின்புறம் பார்த்து ஆள் சொல்வார்கள், செருப்புச் சத்தம் கேட்டு ஆள் சொல்வார்கள், இருமினால் எந்த வீட்டு இருமல் என்று சொல்வார்கள். அவர்களிடம் ஒரு முழு மாதத்துக்கு ஒரு நிழலைச் சுவரில் மாட்டிவிட்டு ஆள் கிடையாது என்றால் எப்படி. நேற்று ராத்திரி கடையடைக்கும் முன்னால் ஒவ்வொரு கடையாக ஏறி, ஜூனைத் திருப்பி ஜூலையை விடுங்கள் என்று கெஞ்சினார். அது அடுத்த முட்டாள்தனம். மருந்துக்கடைக்காரர், அப்புறம் தேதியை எங்கே பார்ப்பது, ஜூலை பிறந்ததும் பார்க்கலாம் என்றார். அரிசிக்கடையில் அதுவரை யாரும் படத்தைக் கவனிக்கவில்லை, இவர் கேட்ட பிறகு மூன்று பேர் எழுந்து வந்து கவனித்தார்கள். கீழே ஜெராக்ஸ் கடை ஜபருல்லா மட்டும் உடனே ஜூனைக் கிழித்துச் சுருட்டி மேசைக்கடியில் போட்டான், போட்டுவிட்டு, “அண்ணே, ஆகஸ்ட்ல என் நிழல் எதுவும் வருதா, இப்பவே சொல்லிடுங்க, வீட்ல சொல்லி வெக்கணும்” என்றான். சிரிக்காமல் சொன்னான், அதுதான் அவன் வழக்கம், ஆனால் இன்னாசி ஆகஸ்ட் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் படியேறினார். ஆகஸ்டில் ஒரு மாடு. நல்லவேளை.

பத்து மணி. மின்விசிறி சுற்றியது, காற்று வரவில்லை. அந்தப் படம் எடுத்த காலையை முழுசாக ஞாபகத்துக்குக் கொண்டுவர முடிந்தால் அது கேமராவின் எந்த மெமரி கார்டில் பதிந்தது, எந்த வழியாகக் கம்ப்யூட்டருக்குள் வந்தது என்று பிடித்துவிடலாம் என்று கண்ணை மூடிக்கொண்டார். அக்டோபர். மழை விட்டிருந்தது, ரோடு கழுவின மாதிரி கறுப்பாக இருந்தது, சூரியன் பஸ் ஸ்டாப்புக்குப் பின்னாலிருந்து அடித்தது. நிற்பவர்களின் நிழல் ரோட்டைத் தாண்டி இவர் மாடியை நோக்கி நீண்டு வந்தது. ஒருத்தி முன்னால், ரோட்டு விளிம்பில். ஒருவன் அவளுக்குப் பின்னால், கொஞ்சம் விலகி. பின்னால் நின்றவனின் நிழல் முன்னால் நின்றவளின் நிழல் மேல் வந்து விழுந்து, தலை சரியாகத் தோளில் உட்கார்ந்தது. அவன் போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும், அந்த முழங்கைதான் இடுப்பை வளைத்தது. இதெல்லாம் நிழலைப் பார்த்து இப்போது அவர் போடும் கணக்கு. அன்றைக்கு அவர் ஆட்களைப் பார்க்கவே இல்லை. அதுதான் உண்மை. கண் கேமராவில் இருந்தபோதே அவர் மேல் பாதியை விட்டுவிட்டார், இரண்டு கறுப்பும் சேருகிற இடத்தை மட்டும் பார்த்து மூச்சைப் பிடித்தார், அமுக்கினார். தள்ளி நின்றோம் என்று அவள் சொல்கிறாள். இவரைக் கூப்பிட்டுச் சத்தியம் பண்ணச் சொன்னால் என்ன சொல்வார். இருபது வருடமாகத் தினம் காலையில் எதிர்ச்சாரியையே பார்த்து நிற்கிற மனுஷன், அங்கே நின்றது யார், எப்படி நின்றார்கள் என்றால் தெரியாது. ஒருவேளை தள்ளி நிற்கவில்லையோ. இந்த நினைப்பு வந்ததும் அவருக்குத் தன் மேலேயே கோபம் வந்தது, அண்ணனுடைய கடையில் உட்கார்ந்து அண்ணன் யோசிப்பதை இங்கே உட்கார்ந்து இவரும் யோசிக்கிறார், காலண்டர் இல்லாமலே. சேதுராமன் வந்து நின்றால் என்ன சொல்வது. அசல் அழிந்துவிட்டது என்று சொன்னால், எதற்கு அழித்தீர்கள் என்பான். அவனுக்கு நெகட்டிவையும் கையின் பழக்கத்தையும் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா. மறைக்கிறார்கள் என்றுதான் நினைப்பான். அவன் என்ன, இவரே அப்படித்தான் நினைப்பார். படம் இல்லாமல் போனதே ஒரு சாட்சி ஆகிவிடும், அதோடு முசிறி பஸ் ஏற்றிவிடுவார்கள், இரண்டு வருடமாக அவள் பார்த்த வேலை, அவள் வீடு, எல்லாம் இவருடைய ஒரு ஆமாம் தட்டலில் போகும். தனபாலுக்கு ஒன்றும் ஆகவில்லை. நிழல்தானே என்று சொல்லிவிட்டு அடுத்த ஸ்டாப்பில் போய் பஸ் ஏறுகிறானாம்.

படியில் காலடிச் சத்தம் கேட்டதும் திரும்பிக் கடிகாரத்தைப் பார்த்தார். அவர்கள் இல்லை. பள்ளிக்கூடச் சேர்க்கைக்குப் படம் வேண்டும் என்று ஒருத்தி ஆறு வயது மகளை இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். இன்று முடியாதும்மா என்று சொல்ல வாயெடுத்தார், அதற்குள் அந்தக் குழந்தை தானாகவே ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து தலையைச் சீவ ஆரம்பித்துவிட்டது. சரி, ஒரு நிமிட வேலை. விளக்கைப் போட்டார். குழந்தை குனிந்திருந்தது. தாடையைத் தூக்கு கண்ணு என்றார். தூக்கியது. இன்னும் கொஞ்சம். கூரையைப் பார்க்கிற அளவுக்குத் தூக்கிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, விறைப்பாக உட்கார்ந்தது. அம்மாக்காரி சிரித்தாள். இன்னாசி சிரிக்கவில்லை. இந்தத் தாடையை அவர் முன்னால் பார்த்திருக்கிறார். இதே ஸ்டூலில், இதே விறைப்பில், ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறார், அவரை அப்படியே விட்டுவிட்டு இன்னாசி கேமராவைத் தூக்கிக்கொண்டு முகப்புக்கு ஓடியிருக்கிறார், திரும்பி வந்தபோதும் அந்தத் தாடை இறங்கவில்லை. யார். வெளிநாட்டு விசாவுக்குப் படம், இரண்டு காதும் தெரிய வேண்டும். காலையில் முதல் ஆளாக வந்தவர். டிரில் மாஸ்டர். பூவராகன் சார், ரிட்டயர் ஆனவர், மஸ்கட்டில் மகன். “அட்டென்ஷன்ல நிக்க வெச்சிட்டு வாத்தியாரே ஓடிப்போறத இன்னிக்குத்தான் பாக்கறேன்” என்று கத்தினார், கத்தும்போதும் தாடை அசையாமல் கத்தினார். அக்டோபர்தான். அந்தக் கார்டிலிருந்த அத்தனையும் அவர் பேரில் போட்ட ஃபோல்டருக்குள்தான் போயிருக்கும், நிழலை அங்கிருந்து நகல் எடுத்துத்தான் இந்தப் பக்கம் கொண்டுவந்திருப்பார். அக்டோபர் வாடிக்கையாளர் ஃபோல்டரையெல்லாம் பொங்கலுக்கு வெள்ளையடித்த கையோடு அழித்தாகிவிட்டது, அதனால்தான் அந்தப் பக்கம் தேடவே தோன்றவில்லை. ஆனால் விசா தள்ளிப்போகிறது, மறுபடி வருவேன், என்னை அழிக்காதே என்று பூவராகன் சார் படியிலிருந்து உத்தரவு போட்டுவிட்டுப் போனார். உத்தரவை மீறினாரா இல்லையா என்பது இன்னாசிக்கே ஞாபகம் இல்லை. குழந்தையை இரண்டு படம் எடுத்தார், நாளைக்கு வாங்கிக்கொள்ளச் சொல்லி அனுப்பினார்.

இருந்தது. பூவராகன் ஒன்றிலிருந்து பதினான்கு வரை. எட்டு வரைக்கும் தாடை. ஒன்பதாவது சின்னக் கட்டத்தில் தாடை இல்லை, கறுப்பும் வெளிச்சமுமாக ஏதோ இருந்தது. உடனே திறக்கவில்லை. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, முதல் வேலையாக, வாழ்க்கையில் முதல் தடவையாக, பாதுகாப்புக்கென்று ஒரு நகல் எடுத்துப் பென் டிரைவில் போட்டார், அப்புறம் திறந்தார். கீழே ரோட்டில் காலண்டர் நிழல்கள் படுத்துக் கிடந்தன, இன்னும் நிமிர்த்தப்படாமல். அதற்கு மேலே அவள் செருப்பு. அவள் இடுப்பு உயரத்துக்குப் பக்கத்தில், பின்னால், அவன் ஷூ. நடுவே வெறும் சிமெண்டுத் தரை, வெயில் விழுந்து பளிச்சென்று. மாடியிலிருந்து எடுத்ததால் இடைவெளி இன்னும் நன்றாகத் தெரிந்தது, நாலடி, குறைச்சலே இல்லை, நடுவே ஒரு நாய் தாராளமாகப் படுத்திருந்தது. இன்னாசி நாற்காலியில் சாய்ந்தார். சாய்ந்தவர் உடனே நிமிர்ந்தார். படத்தின் மேல் பாதி அப்போதுதான் கண்ணில் பட்டது. இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். புன்னகை என்று தள்ளிவிட முடியாத சிரிப்பு. அவள் கழுத்தைப் பின்னால் திருப்பி, வாய் திறந்து, கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தாள், ஒரு கை வயிற்றைப் பிடித்திருந்தது. அவன் தொப்பி பின்னால் நழுவப் பல்லெல்லாம் தெரியக் குனிந்திருந்தான், தள்ளிப் பிடித்த போன் அந்தச் சிரிப்பில்தான் தள்ளிப் போயிருந்தது. அவ்வளவுதான். பஸ் ஸ்டாப்பில் யாரும் சிரிக்கலாம். நாய் ஏதாவது பண்ணியிருக்கலாம். ஆனால் தோளை வைத்து ஆளைக் கண்டுபிடித்த அண்ணன் இந்தச் சிரிப்பை வைத்து என்னவெல்லாம் கண்டுபிடிப்பார் என்று யோசித்தார். இத்தனை நேரம் தேடியது இதற்கா. தள்ளி நின்றார்கள் என்று காட்டப் போனால் சிரித்தார்கள் என்று காட்டுகிறது. நிழலில் அணைத்துக்கொண்டவர்கள் ஆளாக வரும்போது அணைக்கவில்லை, சந்தோஷமாக இருக்கிறார்கள். எதை மன்னிப்பான் ஒரு கணவன். இன்னாசிக்கு ரெஜினா கடைசியாகக் கண்ணை மூடிச் சிரித்தது எப்போது என்று ஒரு கேள்வி வந்தது, அதற்கு இப்போது நேரமில்லை என்று ஒதுக்கினார், அது ஒதுங்காமல் பக்கத்திலேயே நின்றது.

பத்தே முக்கால். வெட்டும் கருவியை எடுத்தார். கை தானாக எடுத்தது. அவள் கழுத்துக்குக் கீழே ஒரு கோடு இழுத்தால் அவன் முழங்காலோடு போய்விடும், செருப்பு, ஷூ, தரை, நாய், எல்லாம் மிஞ்சும். நாலடியும் மிஞ்சும், முழக்கோல் வைத்து அளக்கிற மாதிரி. கேட்டது அதைத்தானே, எவ்வளவு தள்ளி நின்றோம் என்பதைத்தானே. பொய்யும் இல்லை. இழுத்தார். கழுத்தில்லாத ஒருத்தி, முழங்காலுக்கு மேல் இல்லாத ஒருவன், சாட்சி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இடது ஓரத்தில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் வாளி பாதியாக நின்றது, கண்ணை உறுத்தியது, கோட்டைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வாளியை வெளியேற்றினார், அதனால் நாயின் வால் போயிற்று, வாலுக்காகத் திரும்ப வெளியே இழுத்தார், வாளி வந்தது. இதைச் செய்துகொண்டிருப்பது தான்தான் என்பது அப்போது உறைத்தது. ஒரு குடும்பம் படியேறி வரப்போகிறது, இவர் வாளிக்கும் வாலுக்கும் நடுவே அழகு பார்க்கிறார். சீ என்று சொல்லிவிட்டுக் கையை எடுத்தார். முகத்தை மட்டும் மங்கலாக்கலாமா, மங்கலாக்கினால் மங்கலாக்கியது தெரியும். கழுத்தில் வெட்டினால் வெட்டியது தெரியாதா. சேதுராமன் கேட்டது முழுப் படத்தை. முழுசு என்று சொல்லி முக்கால்வாசியைக் கொடுப்பது. மறுபடி கோட்டை இழுத்தார். மறுபடி எடுத்தார். கீழே ஒரு வண்டி வந்து நின்றது, ஸ்டாண்ட் போடும் சத்தம், ஜபருல்லாவிடம் யாரோ வண்டியை இங்கே விடலாமா என்று கேட்கும் சத்தம். படியில் ஒருத்தரின் காலடி மட்டும் முன்னால் வந்தது.

தமயந்தி உள்ளே வந்ததும் முதலில் கடிகாரத்தைப் பார்த்தாள், பிறகு இன்னாசியின் முகத்தை. கிடைத்ததா என்று கேட்கவில்லை. அவர் திரையை அவள் பக்கம் திருப்பினார். வெட்டும் கோடு இன்னும் அவள் கழுத்தில் இருந்தது, கோட்டுக்கு மேலே இருந்த முகங்கள் மங்கித் தெரிந்தன. அவள் கிட்டே வந்து குனிந்தாள். நாலடியைப் பார்ப்பாள் என்று நினைத்தார், அவள் அதைப் பார்க்கவே இல்லை. கோட்டை நகர்த்தச் சொல்லிக் கையால் காட்டினாள், நகர்த்தினார், முகம் வெளிச்சமாயிற்று. “எதுக்குச் சிரிச்சேன்னு ஞாபகமே இல்ல சார்” என்றாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். “இப்படியா சிரிக்கிறேன்.” இன்னாசி குரலைத் தாழ்த்தி, கழுத்தோடு நிறுத்திவிடலாம், கால் மட்டும் போதும், இடைவெளி தெளிவாகத் தெரியும், கேட்டால் கேமராவில் அவ்வளவுதான் விழுந்தது என்று நான் சொல்லிக்கொள்கிறேன் என்றார். சொல்லும்போதே அது நல்ல யோசனையாகவும் கேவலமான யோசனையாகவும் ஒரே நேரத்தில் கேட்டது. அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. படியில் இரண்டாவது காலடி ஆரம்பித்தது, கனமாக, ஒவ்வொரு படியாக. “ஒருதடவ வெட்டினதுக்கே இவ்வளவு சார். முழுசாப் போடுங்க” என்றாள்.

பிரிண்டருக்குக் கொடுத்துவிட்டு அவர் நிமிர்வதற்கும் சேதுராமன் வாசலில் வந்து நிற்பதற்கும் சரியாக இருந்தது. முரடனாக எதிர்பார்த்திருந்தார். ஒல்லியாக, பெயிண்ட் கறை படிந்த நகங்களோடு, வெயிலில் வந்த வியர்வையைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் நின்றான். செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று யோசித்து, கழற்றினான். நானாகக் கேட்கவில்லை சார், கடையில் நாலு பேர் வந்து போகிற இடம், அண்ணன் கேட்டால் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்று தரையைப் பார்த்தே சொன்னான். மனைவியைப் பார்க்கவில்லை. அவளும் அவனைப் பார்க்கவில்லை, இருவருக்கும் நடுவே பிரிண்டர் இருந்தது. இன்னாசி அதைக் காட்டினார். எதிரில் நிற்கிற ஆளுக்கு நேராகத் தெரியட்டும் என்று படத்தைத் தலைகீழாகவே கொடுத்திருந்தார், அதனால் அடிப்பக்கம் முதலில் வந்தது. மெஷின் ஒரு கோடு அடித்து, நின்று, ஒரு கோடு அடித்தது. நிழல்களின் தலை வந்தது, தோள் வந்தது, காலண்டரில் பார்த்த அதே கை வந்தது. சேதுராமன் ஓரடி கிட்டே வந்தான். பிறகு தார் முடிந்து அவளுடைய செருப்பு வந்தது. சிமெண்டுத் தரை வந்தது, வந்துகொண்டே இருந்தது, நாய் வந்தது, மேலும் தரை, கடைசியில் ஷூ. அவன் குனிந்து, செருப்புக்கும் ஷூவுக்கும் நடுவே, மை காயாத காகிதத்தைத் தொடாமல், காற்றில் விரலால் அளந்தான். இன்னொரு தடவை அளந்தான். அவன் தோள்கள் மூன்று நாளில் முதல் தடவையாக இறங்கியிருக்க வேண்டும், அப்படி இறங்கின. “இவ்வளவு தள்ளியா” என்றான். பிறகு மனைவியைப் பார்த்தான், பார்த்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். “போதும் சார். இது போதும். நிறுத்திடுங்க, இத நான் அண்ணன்கிட்ட காட்டிக்கிறேன்.” மெஷினை நடுவில் நிறுத்தும் பொத்தான் இன்னாசியின் வலது கைக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. இப்போது அமுக்கினால் அவள் கழுத்து வருவதற்கு முன்பே படம் நின்று, மீதிக் காகிதம் வெள்ளையாகிவிடும். அவர் தமயந்தியைப் பார்த்தார். அவள் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் அப்போது அவளுடைய கை வந்துகொண்டிருந்தது, வயிற்றைப் பிடித்த கை. இன்னாசி இரண்டு கையையும் மார்பில் கட்டிக்கொண்டார். மெஷின் ஒரு கோடு அடித்து, நின்று, இன்னொரு கோடு அடித்தது.